சீமைக் கருவேலமும் டில்லிக் காடும்

சென்ற செயற்குழுக் கூட்டத்தில், வரும் மழைக்காலத்தில் நம் சங்கத்தின் சார்பில் மரம் நடுவதென்று முடிவாயிற்று. மகிழ்ச்சி. ஆனால் எங்கே நடுவது, எதை நடுவது, யாருக்காக நடுவது என்ற கேள்விகள் அன்று எழவேயில்லை. கொன்றையா, குல்மோஹரா என்பதில் பேச்சு நின்றுவிட்டது. பள்ளியில் தாவரவியல் கற்பித்தவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன். பிள்ளைகளுக்கும் படித்துக் காட்டலாம்.

முதலில் இடம். குஜராத்தில் தொடங்கி ராஜஸ்தான், ஹரியானா வழியாக வரும் ஆரவல்லி மலைத்தொடர், டில்லிக்குள் நுழைந்து வஜீராபாத் அருகே யமுனைக் கரையில் முடிகிறது. அதன் கடைசிப் பகுதியைத்தான் நாம் 'ரிட்ஜ்' என்கிறோம். இன்று அது நான்கு துண்டுகளாகக் கிடக்கிறது. மொத்தம் 7,777 ஹெக்டேர். பல்கலைக்கழகத்தை ஒட்டிய வடக்குத் துண்டு 87 ஹெக்டேர்தான். தெற்கே உள்ளது சுமார் 6,200 ஹெக்டேர். 1994-இல் இவை காப்புக்காடாக அறிவிக்கப்பட்டன. மேற்கிலிருந்து வரும் புழுதிக் காற்றை ஓரளவு தடுப்பதும், பாறை வெடிப்புகளின் வழியே மழைநீரை நிலத்தடிக்கு இறக்குவதும் இந்த மேடுதான். கோடையில் தண்ணீர் லாரிக்குக் காத்து நிற்கும் நமக்கு இது ஏட்டுச் செய்தியன்று.

இனி மரம். ரிட்ஜில் நுழைந்தால் கண்ணில் படுவதெல்லாம் முள்மரம். இங்குள்ளோர் அதை 'விலாயத்தி கீக்கர்' என்பார்கள். கீக்கர் என்றால் கருவேலம்; விலாயத்தி என்றால் சீமையிலிருந்து வந்தது. ஆம், நம் ஊர்க் கண்மாய்களை விழுங்கிய அதே சீமைக் கருவேலந்தான்! இரண்டு மொழிக்காரர்களும் ஒருவரையொருவர் கேட்காமல் ஒரே பெயரை வைத்திருக்கிறார்கள். அமெரிக்கக் கண்டத்து மரமான இதை, மொட்டைப் பாறைகள் சீக்கிரம் பசுமையாகட்டும் என்று ஆங்கிலேயர் காலத்தில் இங்கே பரப்பினார்கள். பசுமை வந்தது, காடு போயிற்று. ஆடுமாடுகள் காயைத் தின்று விதையை எங்கும் சேர்த்துவிடும். அதன் நிழலில் மற்றச் செடிகள் எளிதில் தலையெடுப்பதில்லை.

அப்படியானால் வெட்டிவிடலாமே என்பீர்கள். தமிழ்நாட்டில் 2017-இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவால் அப்படித்தான் பெருமளவில் வெட்டத் தொடங்கினார்கள். இங்கே வேறு வழியைக் கையாண்டிருக்கிறார்கள். டில்லி வளர்ச்சி ஆணையமும் டில்லிப் பல்கலைக்கழகமும் சேர்ந்து, பேராசிரியர் சி.ஆர். பாபுவின் வழிகாட்டலில், வசந்த் விஹார் அருகே உருவாக்கிய பூங்காவில் முள்மரத்தை அடியோடு பெயர்க்கவில்லை. கிளைகளை மட்டும் கழித்து வெளிச்சம் விழச் செய்து, இடையிடையே இந்த மண்ணின் மரங்களை நட்டார்கள். அவை உயர்ந்து நிழல் கவித்ததும் சீமைக் கருவேலம் தானாக நலிகிறது. மண்ணும் அரித்துப் போவதில்லை, பறவைகளும் இடம் இழப்பதில்லை. பொறுமை வேண்டும், அவ்வளவுதான். ஒரே நாளில் ஆயிரம் கன்று நட்டு, படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறவர்களுக்கு இந்த முறை பிடிக்காது.

குர்கானில் நடந்தது இன்னும் நமக்கு நெருக்கமானது. கல்லும் மணலும் தோண்டி எடுத்துக் குதறிப் போட்டிருந்த ஏறக்குறைய 390 ஏக்கரில், 2010 முதல் 'ஐ ஆம் குர்கான்' என்ற குடிமக்கள் அமைப்பு முன்னின்று ஒரு காட்டையே எழுப்பியது. பள்ளிப் பிள்ளைகளும் அலுவலகத்தாரும் வந்து நட்டார்கள். வேண்டிய கன்றுகள் வழக்கமான நர்சரிகளில் இல்லை. ஆரவல்லிக் காடுகளில் விதை பொறுக்கி, சொந்த நாற்றங்கால் வைத்து வளர்த்தார்கள். என்னைக் கேட்டால், அந்த நாற்றங்கால்தான் முழுத் திட்டத்தின் உயிர். 2022 பிப்ரவரி 2-இல், சரணாலயம் அல்லாவிட்டாலும் இயற்கையைக் காக்கும் இடம் என்ற வகையில் இந்தியாவிலேயே முதலாவதாக அது அறிவிக்கப்பட்டது.

அங்கே முதன்மையான மரம் 'தௌ'. நம் மலைகளில் உள்ள வெக்காலிக்கு உறவு. பாறை இடுக்கிலும் வேர் பிடிக்கும். மற்றவை நமக்குப் பழகியவையே. 'டாக்' என்பது புரசு. புரசைவாக்கத்துக்குப் பெயர் தந்த மரம். 'ரோஞ்ச்' நம் வெள்வேல். 'கைர்' கருங்காலி. 'பேர்' இலந்தை. பெயர் தெரியாமல் அந்நிய ஊர் மரம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

கடைசிக் கேள்வி, யாருக்காக? கூட்டத்தில் ஓர் அன்பர் முதலில் வேலி போடவேண்டும் என்றார். விறகு பொறுக்கும் பெண்களையும் ஆடு மேய்ப்பவர்களையும் விலக்கிவிட்டு நாம் நடப்பதற்குப் பாதை போட்டால், அதைச் சமூகக் காடு என்று எப்படிச் சொல்வது? ஃபரிதாபாத் மாவட்டத்தில் மாங்கர் பனி என்றொரு காடு உண்டு. குதரியா பாபா என்ற துறவியின் பெயரால், சுற்றுக் கிராமத்துக் குஜ்ஜர் மக்கள் அங்கே ஒரு கிளையை ஒடிப்பதில்லை. நம் ஐயனார் கோயில் காடுகளைப் போலத்தான். இன்று தௌ மரம் அடர்ந்து நிற்பதைக் காண அங்கேதான் போகவேண்டும். அந்தக் காட்டைக் காத்தது வேலியன்று. ஆகவே நாம் இடம் தேர்ந்ததும், பக்கத்துக் கிராமத்துப் பெரியவர்களிடம் மேய்ச்சலுக்கு எந்தப் பக்கம், விறகுக்கு எந்தப் பக்கம் என்று முதலில் கேட்டு வருவோம். கழித்த முள்மரக் கிளைகளே அவர்களுக்கு விறகாகுமே.

சென்னைக்காரர்கள் ஐப்பசி மழையை நினைத்துத் திட்டமிட வேண்டாம். இங்கே மழையின் பெரும்பங்கு ஜூலை முதல் செப்டம்பருக்குள் பெய்துவிடும்; நம் ஆடிப்பட்டம் அப்படியே பொருந்தும். குழிகளை ஜூன் கடைசிக்குள் வெட்டி ஆறப்போட வேண்டும். நல்ல மழை இரண்டு பெய்த பிறகு நடலாம். முதல் இரண்டு மூன்று கோடைகளுக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும். எந்த வாரம் எந்தக் குடும்பம் என்ற முறைப்பட்டியல் தயாரான பிறகே எத்தனை கன்று என்பதை முடிவு செய்வோம். நூறுக்கு மேல் நம்மால் ஆகாது என்பது என் கணக்கு.