அடை முட்டை உடையாதிருக்கக் கோழிக்குக் கிளிஞ்சல் கொடுங்கள்

கொல்லையில் ஐந்தாறு நாட்டுக் கோழிகளை வளர்க்கும் உழவர்கள் அடிக்கடி கூறும் குறை ஒன்றுண்டு. அடை வைத்த முட்டைகளில் ஓரிரண்டு, கோழியின் பாரம் தாங்காமல் உடைந்துவிடுகின்றன. உடைந்த முட்டையின் கரு மற்ற முட்டைகளின் மேல் வழிந்து அவற்றையும் கெடுக்கிறது. எறும்பும் மொய்க்கிறது. இதனால் குஞ்சுகளின் எண்ணிக்கை குறைகிறது. இந்த இழப்புக்கு முக்கியக் காரணம் தீனியில் சுண்ணாம்புச் சத்து போதாமையே. சிறு செலவில் இதைச் சரிசெய்யலாம்.

தானியம் மட்டும் போதுமா?

முட்டை ஓட்டில் 100க்கு 94 பங்கு கால்சியம் கார்பனேட் என்னும் சுண்ணாம்புப் பொருள் உள்ளது. 40 கிராம் எடையுள்ள நாட்டுக்கோழி முட்டையின் ஓடு ஏறத்தாழ 4 கிராம் இருக்கும். அதில் அடங்கியுள்ள சுண்ணாம்புச் சத்து 1.5 கிராம். கோழி உண்ணும் சத்து முழுவதும் ஓட்டில் சேருவதில்லை, பாதியளவே சேரும். ஆகவே ஒரு முட்டைக்குச் சுமார் 3 கிராம் சத்து தேவை.

100 கிராம் கம்பில் 0.04 கிராம் சத்துதான் உள்ளது. அரிசிக் குருணையில் இன்னும் குறைவு. தானியங்களில் சிறந்ததான கேழ்வரகில்கூட 0.35 கிராம் அளவே உண்டு. மேய்ச்சலில் கிடைக்கும் கீரையும் நத்தையும் ஓரளவு உதவும். பற்றாக்குறையைக் கோழி தன் எலும்பிலிருந்து எடுத்து ஈடுசெய்கிறது. இது நீடித்தால் முதலில் ஓடு மெலியும். பிறகு தோல் முட்டை விழும். இறுதியில் கோழியின் கால்கள் வலுவிழக்கும்.

எதைக் கொடுக்கலாம்?

1. கிளிஞ்சல்: இதில் 100க்கு 38 பங்கு சுண்ணாம்புச் சத்து உள்ளது. கடற்கரையில் பொறுக்கியதாயின் உப்புப் போக நன்னீரில் பலமுறை கழுவி உலர்த்த வேண்டும். தீவனக் கடைகளில் 'ஷெல் கிரிட்' என்று கேட்டும் வாங்கலாம்.

2. முட்டை ஓடு: சமையலறையில் சேரும் ஓடுகளைக் கொதிநீரில் 10 நிமிடம் வேகவைத்து, உலர்த்தி நொறுக்கிக் கொடுக்கலாம். வேகவைப்பதால் நோய்க் கிருமிகள் அழியும். ஓட்டின் வடிவம் தெரியும்படி போட்டால் கோழிகள் தம் முட்டையையே கொத்தித் தின்னப் பழகிவிடும்.

சுட்ட சுண்ணாம்பும் வெற்றிலைச் சுண்ணாம்பும் வாயையும் குடலையும் புண்ணாக்கும். அவற்றைக் கொடுக்கக் கூடாது. சிலர் தெளிந்த சுண்ணாம்பு நீர் வைக்கின்றனர். 1 லிட்டர் நீரில் 2 கிராம் சுண்ணாம்புகூடக் கரையாது. கோழி குடிக்கும் 200 மில்லியில் 0.2 கிராம் சத்துகூடக் கிடைக்காது. கோழிகள் கொத்தும் கருங்கல் பொடிக்கல், தீனியை அரைக்க மட்டுமே உதவும்; ஓட்டுக்கு உதவாது.

எப்படிக் கொடுப்பது?

முட்டை உருவாக ஏறத்தாழ 25 மணி நேரம் ஆகிறது. அதில் 20 மணி நேரம் ஓடு படிவதற்கே செல்கிறது. பெரும்பாலான கோழிகள் முற்பகலில் முட்டையிடுவதால், அடுத்த முட்டையின் ஓடு இரவில்தான் மிகுதியாகப் படிகிறது. இரவில் கோழி இரை எடுப்பதில்லை. ஆகவே மாலையில், கோழி அடையும் முன்னர் கிளிஞ்சல் கிடைக்க வேண்டும்.

மாவாகப் பொடித்தது விரைவில் குடலைக் கடந்துவிடும். கடுகைவிடப் பெரிதாகவும் மிளகைவிடச் சிறிதாகவும் உடைத்தால் அரைவைப் பையில் தங்கி, இரவு முழுவதும் மெல்லக் கரைந்து ஓட்டுக்கு உதவும்.

இதைத் தீனியுடன் கலக்காமல் ஒரு கொட்டாங்குச்சியில் தனியே வையுங்கள். முட்டையிடும் கோழி தனக்கு வேண்டியதைத் தானே கொத்திக்கொள்ளும். கோழிக்கு நாளொன்றுக்கு 5 முதல் 8 கிராம், அதாவது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி, செலவாகும். கொண்டை சிவந்து, முதல் முட்டைக்கு இரண்டு வாரம் இருக்கும்போதே தொடங்குவது நல்லது.

குஞ்சுகளுக்கு வேண்டாம்

முட்டையிடும் கோழிக்கு வேண்டிய அளவு, குஞ்சுகளுக்கும் வளரும் கோழிகளுக்கும் தீங்கு செய்யும், சிறுநீரகம் கெடும். கொட்டாங்குச்சியைப் பெரிய கோழியின் முதுகு உயரத்தில் கட்டித் தொங்கவிட்டால் குஞ்சுகளுக்கு எட்டாது.

கவனிக்க வேண்டியவை

உண்ட சுண்ணாம்புச் சத்து உடலில் சேர வைட்டமின் டி தேவை. வெயிலில் மேயும் கோழிக்கு இது தானே கிடைக்கும்; நாள் முழுவதும் இருட்டுக் கூண்டில் அடைத்த கோழிக்குக் கிடைக்காது. கோடையில் கோழி வாய் திறந்து இளைப்பதால் இரத்தத்தின் கரியமிலவாயு குறைந்து ஓடு மெலியும். அப்போது நிழலும் குளிர்ந்த நீரும் கொடுங்கள்.

கிளிஞ்சல் வைத்தும் மூன்று வாரத்தில் ஓடு தேறவில்லையாயின், அல்லது பல கோழிகள் ஒரே சமயத்தில் தோல் முட்டையிட்டாலோ முட்டை திடீரெனக் குறைந்தாலோ, இராணிக்கெட் போன்ற நோய் இருக்கக்கூடும். தாமதிக்காமல் கால்நடை மருத்துவரை அணுகுங்கள்.

அடை வைக்குமுன் ஒவ்வொரு முட்டையையும் விளக்கொளியில் பாருங்கள். கீறல் விட்டதையும் ஓடு மெலிந்ததையும் சமையலுக்கு ஒதுக்கிவிட்டு, உறுதியானவற்றை மட்டும் அடைக்கு வையுங்கள்.