ஒன்பது விமானமும் ஒரே வேகத்திலா பறக்கின்றன?

2024 அக்டோபர் 6 அன்று சென்னை மெரினாவுக்கு மேலே இந்திய விமானப்படையின் ஒன்பது விமானச் சாகச அணியான சூரிய கிரண் பறந்தது. நேரில் போய்ப் பார்த்தவர்களும் செல்போனில் பார்த்தவர்களும் நம்பிக்கொண்டிருக்கும் சில கருத்துகளைச் சரிபார்ப்போம்.

நம்பிக்கை: விமானங்களைச் சேர்த்துப் பிடித்திருப்பது கம்ப்யூட்டர்.

இல்லை. 1996இல் பீதரில் தொடங்கிய இந்த அணி முதலில் கிரண் விமானங்களில் பறந்தது. 2015 முதல் ஹாக் மார்க் 132இல் பறக்கிறது. இரண்டிலுமே இடைவெளியைக் காப்பது விமானியின் கண்ணும் கையும். பக்கத்தில் பறப்பவர், முன்னால் பறக்கும் அணித் தலைவரின் விமானத்தில் இரண்டு இடங்களைக் குறித்துக்கொள்வார். இறக்கை நுனி, உடற்பகுதியில் உள்ள ஓர் அடையாளத்துக்கு நேராகத் தெரிந்தால் தன் இடத்தில் இருக்கிறார். கொஞ்சம் விலகினாலும் கை உடனே திருத்தும். தரையிலிருந்து அசையாததாகத் தெரியும் வரிசைக்குள் இந்தத் திருத்தம் ஓயாமல் நடக்கிறது.

நம்பிக்கை: அவரவர் முன்னால் பார்த்துத்தான் ஓட்டுகிறார்கள்.

தலைவர் மட்டுமே வழி பார்க்கிறார். மற்றவர்கள் பார்ப்பது அவரை. 1982 ஜனவரி 18 அன்று அமெரிக்காவின் நெவாடாவில் அந்நாட்டு விமானப்படைச் சாகச அணியான தண்டர்பேர்ட்ஸின் நான்கு டி-38 விமானங்கள் செங்குத்து வட்டம் போட்டு இறங்கிவந்தன. தலைவரின் விமானத்தில் கட்டுப்பாட்டுக் கோளாறு. அவரால் மூக்கைத் தூக்க முடியவில்லை. அவரையே பார்த்துப் பறந்த மூவரும் அவரோடு தரையில் மோதினார்கள், நால்வரும் இறந்தார்கள். இந்த வித்தையில் ஒருவர்மேல் ஒருவர் வைக்கும் நம்பிக்கை எவ்வளவு கனமானது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்வு எனக்குத் தெரியாது.

நம்பிக்கை: எல்லா விமானமும் ஒரே வேகம்.

நேராகப் பறக்கும்போது சரி. திரும்பும்போது, தலைவரைவிட 20 மீட்டர் வெளிப்பக்கம் இருப்பவர் ஒரு முழுச் சுற்றில் ஏறத்தாழ 126 மீட்டர் கூடுதலாகக் கடக்க வேண்டும். வட்டம் பெரிதோ சிறிதோ, கணக்கு மாறாது: 2 × பை × 20. உள்பக்கத்தவருக்கு அதே அளவு குறையும். அதனால்தான் தலைவர் எஞ்சினை முழு வலுவில் ஓட்டுவதில்லை. ஓட்டினால் வெளியே இருப்பவர் எட்டிப்பிடிக்க வலு மிச்சம் இருக்காது. உருளும்போது இன்னும் கடினம். ஒரு பக்கத்தவர் மேலேற வேண்டும், மறுபக்கத்தவர் இறங்க வேண்டும். ஏறுபவர் வேகம் இழப்பார். அதைக் கண்ணால் கண்ட பிறகு த்ராட்டிலைத் தள்ளினால் தாமதம்தான், ஜெட் எஞ்சின் வலு கூடச் சற்று நேரம் பிடிக்கும். ஆகவே தலைவர் ஒவ்வொரு அசைவையும் ரேடியோவில் சொல்லிவிட்டுச் செய்கிறார்.

நம்பிக்கை: எதிரெதிரே வரும் விமானங்கள் உரசிக்கொண்டு போகின்றன.

இரண்டு விமானங்கள் உரசிப் போவதாகத் தெரிவது பெரும்பாலும் நாம் நிற்கும் கோணத்தால். இரண்டுக்கும் தனித்தனிக் கோடு உண்டு. ஆபத்தே இல்லை என்று பொருளல்ல: 2019 பிப்ரவரி 19 அன்று எலஹங்காவில் ஒத்திகையின்போது சூரிய கிரணின் இரண்டு ஹாக் விமானங்கள் மோதி ஒரு விமானி உயிரிழந்தார்.

நம்பிக்கை: சிமுலேட்டரில் பழகினால் அப்படியே வந்துவிடும்.

விமான சிமுலேட்டர் விளையாட்டில் இணையம் வழியாகச் சேர்ந்து பறக்கும் நம் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும். மணிக்கு 600 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விமானம் நொடிக்கு 167 மீட்டர் போகும். இணையத்தில் பத்தில் ஒரு நொடி தாமதமானால், திரையில் தலைவர் இருக்கும் இடம் 17 மீட்டர் பழையது. மென்பொருள் அதை ஊகித்து நிரப்புகிறது. நேர்ப்பறத்தலில் ஊகம் பலிக்கும். தலைவர் சட்டென்று உருளத் தொடங்கினால் பொய்த்துப்போய், விமானம் துள்ளுவதுபோல் தெரியும். ஒருவர் திரையில் மோதியது மற்றவர் திரையில் மோதாமலே போகலாம். சாதாரணத் திரையில் ஆழம் தெரியாது; உடலை அழுத்தும் ஜி விசையும் கிடையாது.

அதற்காகச் சிமுலேட்டர் பயிற்சி வீண் இல்லை. அடையாளங்களை நேராக வைக்கும் பார்வையும், முன்கூட்டியே த்ராட்டிலை அசைக்கும் பழக்கமும் அங்கேயும் கிடைக்கும். முதலில் நேர்ப்பறத்தல், பிறகு மெதுவான திருப்பம். உருளல் கடைசியில் வரட்டும்.