அண்மையில் நான் படித்த இரு நாவல்கள்

கடந்த விடுமுறையில் இரண்டு நாவல்களைப் படித்து முடித்தேன். ஒன்று ‘கடலுக்கு அப்பால்’. மற்றொன்று ‘புயலிலே ஒரு தோணி’. இரண்டையும் எழுதியவர் ப. சிங்காரம். அவர் எழுதிய நாவல்கள் இவ்விரண்டு மட்டுமே. “தமிழில் எதைப் படிக்கலாம்?” என்று யாராவது கேட்டால், இனி இவற்றைத்தான் முதலில் சொல்வேன்.

சிங்காரம் தமிழ்நாட்டில் உள்ள சிங்கம்புணரியில் 1920ஆம் ஆண்டு பிறந்தவர். பதினெட்டு வயதில் பிழைப்புத் தேடிக் கப்பலேறினார். சுமத்திராவின் மேடான் நகரில், ஒரு வட்டிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தார். இரண்டாம் உலகப் போரும் ஜப்பானியர் ஆட்சியும் அவர் கண்முன்னே நடந்தவை. போருக்குப் பின் தாயகம் திரும்பி, மதுரையில் ‘தினத்தந்தி’ நாளிதழில் பணியாற்றினார். தாம் வாழ்ந்து பார்த்த உலகத்தையே அவர் நாவல்களாக எழுதினார்.

‘கடலுக்கு அப்பால்’ பினாங்கில் நடக்கும் கதை. அக்கால வட்டிக்கடைகளில் முதலாளிக்குக் கீழே மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று படிப்படியாக வேலையாள்கள் இருந்தார்கள். பெட்டியடிப் பையனாகச் சேர்பவன் பல ஆண்டுகள் பொறுமையாக உழைத்துத்தான் மேலே வர முடியும். கதைத்தலைவன் செல்லையா அத்தகைய கடையில் வளர்ந்தவன். போர் வந்ததும் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்கிறான். போர் முடிந்ததும் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பி வருகிறான். முதலாளி வானாயீனாவின் மகள் மரகதத்தை மணக்க விரும்புகிறான். ஆனால், போர்க்களம் கண்டவன் இனிக் கடைத்தொழிலுக்கு ஒத்துவர மாட்டான் என்று முதலாளி மறுத்துவிடுகிறார்.

இந்த இடத்தில் எனக்குக் கோபம் வந்தது. துணிச்சல் ஒரு குற்றமா? உயிரைப் பணயம் வைத்தவனால் கணக்கு எழுத முடியாதா? ஆயினும், சில பக்கங்களைத் திரும்பப் படித்தபோது வானாயீனாவின் அச்சமும் புரிந்தது. கடல் கடந்து வந்து, காசு காசாகச் சேர்த்துக் கட்டிய வாழ்க்கை அவருடையது. அதைக் காக்க, தமக்குத் தெரிந்த ஒரே வழியை அவர் பற்றிக்கொள்கிறார். அவர் கெட்டவர் அல்லர். அதனால்தான் அவருடைய மறுப்பு நம்மை இன்னும் அதிகமாக வருத்துகிறது.

‘புயலிலே ஒரு தோணி’ அளவிலும் பெரியது, களத்திலும் பெரியது. ஜப்பானியப் படை மேடான் நகருக்குள் நுழையும் காட்சியோடு கதை தொடங்குகிறது. கதைத்தலைவன் பாண்டியன், தொங்கான் எனப்படும் பாய்மரச் சரக்குக் கப்பலில் மலாக்கா நீரிணையைக் கடந்து பினாங்கிற்குப் பயணம் செய்கிறான். வழியில் புயல் தாக்குகிறது. அந்தப் பகுதியைப் படிக்கும்போது நானும் கப்பலில் நிற்பதைப்போல் இருந்தது. எவ்வளவு தொலைவு சென்றாலும் மதுரைத் தெருக்களும் சொந்த ஊரின் சந்தையும் பாண்டியனின் நினைவில் வந்துகொண்டே இருக்கின்றன. இங்கே இருக்கும்போது அங்கே ஏங்கும் அந்த மனத்தை இவ்வளவு நன்றாகக் காட்டிய நாவலை நான் இதற்கு முன் படித்ததில்லை.

இது எளிய நூல் அன்று. கதைமாந்தர் பலர்; காட்சிகள் வேகமாக மாறுகின்றன. உரையாடலில் மலாய்ச் சொற்களும் கலந்து வருகின்றன. தமிழ்நாட்டு வாசகர் தயங்கும் இத்தகைய சொற்கள் நமக்கு அன்றாடம் பழகியவை. இந்த ஒரு வகையில், இந்நாவலைப் படிக்க நமக்கே வசதி அதிகம்! ஆயினும், முதலில் சிறிய நாவலைப் படித்துவிட்டுப் பிறகு பெரியதைத் தொடங்குவது நல்லது.

ஜப்பானியர் மலாயாவை மூன்று ஆண்டு எட்டு மாதம் ஆண்டனர் என்று வரலாற்றுப் பாடத்தில் படிக்கிறோம். அது ஒரு வரிச் செய்தி. அந்த நாள்களில் ஒரு சாதாரணத் தமிழ் இளைஞன் எதற்கு அஞ்சினான், எதை நம்பினான், யாரை இழந்தான் என்பதை இந்நாவல்கள் சொல்கின்றன. அந்தத் தலைமுறையை நேரில் கண்டு கேட்கும் வாய்ப்பு நாளுக்கு நாள் குறைந்து வருகிறது. அவர்களுள் பலர் தம் கதையை எழுதி வைக்கவும் இல்லை. சிங்காரம் எழுதி வைத்தார்.

ஆனால், எழுதியது உடனே வாசகரைச் சென்றடையவில்லை. ‘புயலிலே ஒரு தோணி’ பல ஆண்டுகள் காத்திருந்து, 1972ஆம் ஆண்டில்தான் நூலாக வெளிவந்தது. அதன் பெருமையைப் பலர் உணர மேலும் காலம் ஆனது. அதன்பின் சிங்காரம் நாவல் எழுதவே இல்லை. உரிய நேரத்தில் வாசகர் கிடைத்திருந்தால் மூன்றாவது நாவல் ஒன்று பிறந்திருக்குமோ என்று எனக்குத் தோன்றுகிறது.

எழுத்தாளர் எழுதினால் மட்டும் நூல் வாழ்வதில்லை. படிப்பவர் வேண்டும், படித்ததைப் பிறரிடம் பேசுபவரும் வேண்டும். நூலகத்தில் இந்நாவல்களைக் கேட்டுப் பாருங்கள். படித்த பின் சொல்லுங்கள்: செல்லையாவின் பக்கம் நிற்பீர்களா, வானாயீனாவின் பக்கம் நிற்பீர்களா?