குழாய் மேல் பழி

கேள்வி: எங்கள் கேரவன் சினிமா ஷூட்டிங்குக்கு வாடகைக்குப் போகிறது. பின்பக்கம் அடியில் 10 கே.வி.ஏ. மூன்று சிலிண்டர் டீசல் ஜெனரேட்டர் இருக்கிறது. ஷூட்டிங்கிலேயே ஒலியையும் பதிவு செய்யும் சின்க் சவுண்ட் படங்களில் தினமும் திட்டு வாங்குகிறோம். சைலன்சரை இரண்டு முறை மாற்றியாயிற்று, சத்தம் அப்படியே இருக்கிறது. இன்னும் பெரிதாக ஒன்று போடலாம் என்கிறார் மெக்கானிக். போடலாமா? (பொள்ளாச்சி வாசகர்)

பதில்: இரண்டு சைலன்சருக்கு அடங்காத சத்தம் மூன்றாவதுக்கு எப்படி அடங்கும்? டெசிபல் கணக்கு ரூபாய்க் கணக்கு மாதிரி கிடையாது. குழாய் வாயில் 70 டெசிபல், எஞ்சின் உடம்பும் விசிறியும் காற்று உறிஞ்சும் வாயும் சேர்ந்து 76 என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் கூட்டினால் வருவது 77. இருப்பதிலேயே சிறந்த சைலன்சரைப் போட்டுக் குழாயை ஊமையாக்கிவிட்டாலும் 76 மிச்சம் நிற்கும். அந்த ஒரு டெசிபல் குறைந்தது காதுக்குத் தெரியாது, பில்லில்தான் தெரியும். சத்தம் பாதியானது போலத் தோன்றவே சுமார் 10 டெசிபல் இறங்கியாக வேண்டும். எனவே எது பெரிய சத்தம் என்று தெரியாமல் எதிலும் கைவைக்கக் கூடாது. புகை வருகிற இடத்திலிருந்துதான் சத்தமும் வருகிறது என்று கண் சொல்வதைக் காது நம்பிவிடுகிறது.

கண்டுபிடிப்பது சுலபம். குழாயின் வாயோடு ஐந்தாறு மீட்டர் இரும்புக் குழாயைத் தற்காலிகமாகச் சேர்த்து, புகையைத் தள்ளிக்கொண்டுபோய் விடுங்கள். வண்டியின் பக்கத்தில் ஒரே இடத்தில் செல்போனை வைத்து, சேர்ப்பதற்கு முன்னும் பின்னும் அளந்து பாருங்கள். செல்போன் அளவு துல்லியம் இல்லையே என்பீர்கள். உண்மைதான், அது காட்டும் எண்ணை வைத்து யாரோடும் வழக்காட முடியாது. ஆனால் அதே போன், அதே இடம், அதே லோடு என்றால் வித்தியாசத்தை நம்பலாம். நமக்கு வேண்டியதும் வித்தியாசம்தான். இரண்டு டெசிபல்கூட இறங்கவில்லையென்றால் குழாய் நிரபராதி. ஏழெட்டு இறங்கினால் மெக்கானிக் சொல்வது சரி, பெரிய சைலன்சர் போடுங்கள். அப்போதும் கிளாஸ் வுல் அடைத்ததாகப் பார்த்து வாங்காதீர்கள், உள்ளே அறை அறையாகப் பிரித்திருக்க வேண்டும். மூன்று சிலிண்டர் எஞ்சின் 1500 ஆர்.பி.எம்.மில் ஓடும்போது நொடிக்கு 37.5 வெடிப்பு. காற்றில் அந்த ஒலி அலையின் நீளம் ஒன்பது மீட்டர். இரண்டு அங்குலக் கம்பளிக்கு அவ்வளவு நீள அலையைப் பிடிக்கும் தெம்பு கிடையாது. ‘உஸ்’ என்கிற மெல்லிய சத்தத்தை அது விழுங்கும், ‘தொம் தொம்’ அப்படியே வெளியே போகும். தொம் தொம்முக்கு வேண்டியது எஞ்சின் சி.சி.யைப் போலப் பல மடங்கு கொள்ளளவு.

“அந்தத் தொம் தொம் புகைக்குழாயிலிருந்துதானே வருகிறது?” என்று கேட்டால், வெளியே நிற்கும்போது பெரும்பாலும் ஆமாம், வண்டிக்குள் உட்கார்ந்திருக்கும்போது பெரும்பாலும் இல்லை. உள்ளே கேட்பது தரைத்தகட்டின் அதிர்வு. ஜெனரேட்டரை ரப்பர் மவுன்ட்டில் ஏற்றிவிட்டு, அதன் புகைக்குழாயை மட்டும் சேஸிஸோடு இரும்பு கிளாம்ப் போட்டு முடுக்கியிருப்பார்கள். மவுன்ட் தடுத்த அதிர்வு முழுக்க அந்தக் கிளாம்ப் வழியாக ஏறி, கேரவன் தரையைத் தவில் தோலாக்கிவிடும். எஞ்சினை விட்டு வந்ததும் ஒரு ஃபிளெக்சிபிள் துண்டு, அதற்கப்பால் குழாயைத் தாங்க ரப்பர் ஹேங்கர், இவ்வளவுதான் மருந்து. அந்த ஃபிளெக்சிபிளை, கோணலாக வெல்டிங் வைத்த குழாயை இழுத்துச் சேர்க்கும் கயிறாகப் பயன்படுத்தாதீர்கள். ஆறே மாதத்தில் கிழியும், கிழிந்த இடத்தில் புகையும் கசியும். இறுகிப்போன மவுன்ட்டும் மவுன்ட் இல்லை, அது கறுப்பு மரக்கட்டை.

மிஞ்சுவது ஜெனரேட்டரை மூடியிருக்கும் பெட்டி, அதாவது கேனோபி. மவுன்ட், குழாய் எல்லாம் சரியாக இருந்தும் இரைகிறதென்றால், கேனோபி கதவின் ஓரத்தில் விரலை ஓட்டிப் பாருங்கள். எவ்வளவு கனத்த பெட்டியானாலும், அதன் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்து கிடந்தால் 20 டெசிபலுக்கு மேல் தடுக்காது. தேய்ந்துபோன கதவு ரப்பர் அந்த ஒரு பங்கைத் தாராளமாகக் கொடுத்துவிடும். ஸ்பாஞ்சை ஒட்டினால் சரியாகிவிடும் என்பதும் தவறு. தடுப்பது தகட்டின் கனம், ஸ்பாஞ்ச் உள்ளே எதிரொலியைக் குடிப்பதோடு சரி. அப்படியானால் எல்லா ஓட்டையையும் அடைத்துவிடலாமே என்று கிளம்பாதீர்கள், எஞ்சின் மூச்சுவிட வேண்டும், ரேடியேட்டருக்கும் காற்று வேண்டும். காற்று வரும் வழியை அடைக்காமல் இரண்டு முறை மடக்கி, மடக்கின் உட்புறம் நெருப்பு பிடிக்காத ஃபோம் ஒட்டுங்கள். காற்று வளைந்து போகும், விசிறியின் கூர்மையான சத்தம் வளைவில் சுவரில் மோதிச் சாகும். மெக்கானிக் விற்க நினைக்கும் சைலன்சரின் விலைக்கு இத்தனையும் முடிந்துவிடும். சின்க் சவுண்ட் நாளில் இவ்வளவுக்கும் மேலாக ஒன்று செய்யுங்கள். கேரவனை ஏதாவது கட்டிடத்தின் மறைவில் நிறுத்துங்கள்.

கேள்வி: பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரைச் சைலன்சருக்குள் திணித்தால் சத்தம் குறையுமா? (நாகர்கோவில் வாசகர்)

பதில்: குறையும், எஞ்சின் நின்றுவிடும்.

கேள்வி: புகைக்குழாயின் நுனியைத் தண்ணீர் வாளிக்குள் விட்டால் சத்தமே வருவதில்லை என்று ஒருவர் செய்து காட்டினார். புகையும் தண்ணீரில் கரைந்துவிடுமாமே? (திருப்பூர் வாசகர்)

பதில்: படகு ஜெனரேட்டர்களில் தண்ணீர் வைத்துச் சத்தத்தை அடக்குவது உண்டு. அதற்கென்று வடிவமைத்த ஏற்பாடு அது, வாளி அல்ல. நுனி 10 சென்டிமீட்டர் மூழ்கினால் புகை ஒவ்வொரு நொடியும் ஏறக்குறைய ஒரு கிலோபாஸ்கல் எதிர்ப்பைத் தள்ளிக்கொண்டு வெளியேற வேண்டும். எஞ்சினை நிறுத்தியதும் குழாய் குளிர்ந்து தண்ணீரை உள்ளே உறிஞ்சும். அடுத்த நாள் ஸ்டார்ட் செய்பவர் பாவம். கரைவதைப் பற்றி: கார்பன் மோனாக்சைடு தண்ணீரில் கரையவே கரையாது என்று வைத்துக்கொள்ளுங்கள். வாளி புகையின் வாடையைக் கழுவும், விஷத்தைக் கழுவாது. அந்த விஷத்துக்கு ஏற்கெனவே வாடை கிடையாது என்பது அடுத்த கடிதத்துக்கான விஷயம்.

கேள்வி: டிராவலர் வேனைக் குடும்பச் சுற்றுலாவுக்காக மாற்றியிருக்கிறோம். 2 கே.வி.ஏ. பெட்ரோல் ஜெனரேட்டரை டிக்கிக்குள் பெட்டி கட்டி வைத்து, ஹோஸ் வழியாகப் புகையை வண்டிக்கு அடியில் விடுகிறோம். ராத்திரி ஏ.சி. போட்டுத் தூங்கும்போது சத்தம் தொல்லை. மேலே கம்பளி போர்த்தலாமா? (கோவை வாசகர்)

பதில்: போர்த்த வேண்டாம். பெட்டியையும் பிரித்துவிடுங்கள். இன்று ராத்திரி அதை ஓடவிட்டுத் தூங்காதீர்கள். 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நின்ற கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். காரணம் கார்பன் மோனாக்சைடு. ஜெனரேட்டரின் புகை வண்டியின் தரையில் இருந்த ஓட்டை வழியாக உள்ளே ஏறியிருந்தது என்று ஆராய்ந்தவர்கள் கண்டார்கள். உங்கள் வண்டியிலும் ஜெனரேட்டர் உள்ளே, புகை அடியில், தூங்குபவர்கள் மேலே. சத்தத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், ஆனால் அந்தச் சத்தம்தான் ஜெனரேட்டர் எங்கே இருக்கிறது என்று உங்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது. புகைக்கு அந்த நாணயம்கூடக் கிடையாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, வாடையில்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் அதைப் பிடித்துக்கொள்ளும். விழித்திருப்பவருக்குத் தலைவலி வந்து எச்சரிக்கும், தூங்குபவருக்கு அதுவும் தெரியாது.

எல்லோரும் சொல்லும் சமாதானங்கள் எனக்கு மனப்பாடம். “புகை வெளியேதானே போகிறது” என்பது முதலாவது. வண்டிக்கு அடியில் விடுவது வெளியே விடுவது ஆகாது. தரைக்கும் சேஸிஸுக்கும் நடுவில் அது தேங்கி, ஒயர் போட்ட ஓட்டை, தண்ணீர்க் குழாய் ஓட்டை என்று வழி தேடும். குழாயின் வாய் வண்டியின் பக்கவாட்டு விளிம்பைத் தாண்டி, ஜன்னலும் கதவும் இல்லாத பக்கமாக இருக்க வேண்டும். “ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைக்கிறோம்” என்பது இரண்டாவது. காற்று வீசும் திசையைப் பொறுத்து அதே ஜன்னல் புகையை உள்ளே இழுக்கும். “ஏ.சி. ஓடுகிறதே, நல்ல காற்று வருமே” என்பது மூன்றாவது. ஸ்பிளிட் ஏ.சி. வெளிக்காற்றை எடுப்பதில்லை, உள்ளே இருப்பதையே சுற்றிச் சுற்றிக் குளிர வைக்கிறது. “கேஸ் அலாரம் வைத்திருக்கிறோம்” என்பது நான்காவது. சிலிண்டர் கேஸுக்கான அலாரத்துக்கு கார்பன் மோனாக்சைடு தெரியாது, அதற்குத் தனியாக ஒன்று வாங்குங்கள். அதன் காலாவதித் தேதியையும் பாருங்கள், அது ஆயுசுக்கும் உழைக்கும் பொருள் அல்ல.

ஏ.சி.க்கு வழி பேட்டரி. வண்டி குளிர்ந்த பிறகு ஏ.சி. சராசரியாக 600 வாட் எடுத்தால் எட்டு மணி நேரத்துக்கு 4.8 யூனிட். 48 வோல்ட், 100 ஆம்பியர்-அவர் லித்தியம் பேட்டரியில் கணக்குக்கு அதே 4.8 யூனிட்தான் இருக்கும், அதைவிடக் கொஞ்சம் பெரிதாகவே வாங்குங்கள். விலை அதிகம்தான், மறுக்கவில்லை. சாயங்காலம் எல்லோரும் வெளியே உட்கார்ந்து சமைக்கும் நேரத்தில் ஜெனரேட்டரை இறக்கித் தூரத்தில் வைத்துச் சார்ஜ் ஏற்றுங்கள், பெட்டியே தேவைப்படாது.

கேள்வி: ஃபிளெக்சிபிள் மாற்றியதிலிருந்து காலையில் ஸ்டார்ட் செய்தால் சைலன்சரிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. எஞ்சின் ஹெட் போய்விட்டதா? (சேலம் வாசகர்)

பதில்: பயப்படாதீர்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகும். குளிர்ந்த குழாயில் அது சொட்டத்தான் செய்யும். சூடானதும் நின்றுவிட்டால் எதுவும் இல்லை. ரேடியேட்டர் தண்ணீரும் சேர்ந்து குறைந்தால் மட்டும் எழுதுங்கள்.

கேள்வி: எங்கள் ஜெனரேட்டரில் 75 டெசிபல் என்று அரசு விதிப்படி ஸ்டிக்கர் இருக்கிறது. ஆனாலும் ஏலகிரியில் பக்கத்து வீட்டுக்காரர் ராத்திரி சண்டைக்கு வந்தார். யார் பக்கம் நியாயம்? (வேலூர் வாசகர்)

பதில்: அவர் பக்கம். அந்த 75, பெட்டியிலிருந்து ஒரு மீட்டரில். குடியிருப்புப் பகுதியில் ராத்திரி 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை வரம்பு 45. திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும்போது 6 டெசிபல் குறையும் என்று தாராளமாகக் கணக்குப் போட்டாலும், 45-க்கு இறங்க 32 மீட்டர் வேண்டும். அவர் வீடு எத்தனை மீட்டரில் இருந்தது?