கட்டிக் காப்போம் கைக்கடிகாரத்தை

முன்னுரை

காலத்தைப் பொன்னுக்கு ஒப்பிட்டுப் பேசுவது வழக்கம். ஆனால் பொன்னைப் பெட்டியில் பூட்டி வைத்தால் அது இருந்தபடியே இருக்கும். காலத்தை அவ்வாறு பூட்டி வைக்க இயலாது. அதனை அளந்து சொல்லும் கைக்கடிகாரத்தையும் பல்லாண்டு பூட்டி வைத்தல் ஆகாது. அதனுள்ளே இட்ட எண்ணெய் உறைந்துபோகும்; சக்கரங்கள் ஓட மறுக்கும். நம் வட்டாரத்து வீடுகள் பலவற்றில், பீரோவின் மூலையில், பழைய திருமணப் பத்திரிகைகளுக்கும் மருந்துச் சீட்டுகளுக்கும் நடுவே, தாத்தாவின் கைக்கடிகாரம் ஒன்று உறங்கிக்கொண்டிருக்கக் கூடும். அதனை எழுப்புவது எப்படி, எழுப்பியபின் காப்பது எப்படி என்பதையே இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறோம்.

பள்ளிப்பட்டு வட்டாரத்தில் நேரத்தின் அருமை அறியாதார் இல்லை. தறி ஓட்டுவோர் பொழுதைக் கணக்கிட்டே நெய்து முடிக்கின்றனர். திருவள்ளூர், கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலைகளில் பணிபுரிவோர் முறை வேலைக்கு நிமிடம் தவறாமல் போய்ச் சேர வேண்டும். இன்று அவர்களுக்கு நேரம் காட்டுவது பெரும்பாலும் கைபேசி. முன் தலைமுறையினருக்கு நேரம் காட்டியது, நாள்தோறும் சாவி கொடுத்த கைக்கடிகாரம்.

பெண்களின் அணிகலன்

கைக்கடிகாரம் முதலில் ஆண்களுடையதாக இருந்திருக்கும் என்றே பலரும் எண்ணுவர். உண்மை அதற்கு மாறானது. 1810இல் நேப்பிள்ஸ் நாட்டு அரசி கரோலின் முரா, பாரிஸ் நகரில் புகழ்பெற்ற பிரெகே என்னும் கடிகாரக் கலைஞரிடம் கையில் அணியும் கடிகாரம் ஒன்று செய்யப் பணித்தார். அது 1812இல் முடிந்தது. 1868இல் சுவிட்சர்லாந்தின் பட்டேக் பிலிப் நிறுவனம் ஹங்கேரி நாட்டுச் சீமாட்டி ஒருவருக்காக வளையல் வடிவக் கடிகாரம் செய்தது. அக்காலத்து ஆண்கள் கடிகாரத்தைச் சங்கிலியில் கோத்துச் சட்டைப் பையில் வைத்திருந்தனர். கையில் கட்டுவது பெண்களுக்குரியது என்று ஒதுக்கினர்.

1914இல் முதல் உலகப் போர் மூண்டது. பதுங்குகுழியில் இருக்கும் வீரன் இரு கைகளிலும் வேலையிருக்கும்போது பையைத் துழாவ முடியுமா? கையில் கட்டிய கடிகாரத்தின் பயன் அப்போதுதான் ஆண்களுக்குப் புலனாயிற்று. போர் முடிந்து ஊர் திரும்பியோர் அப்பழக்கத்தை விடவில்லை. பெண்களின் அணிகலன் இவ்வாறே எல்லோருக்கும் பொதுவாயிற்று.

உள்ளே நடப்பது என்ன?

பழைய கடிகாரத்தில் மின்கலம் கிடையாது. பக்கவாட்டிலுள்ள திருகை நாம் திருகும்போது, உள்ளேயுள்ள எஃகு வில்லான மெயின் ஸ்பிரிங் இறுகச் சுருண்டுகொள்கிறது. அது மெல்ல மெல்ல விரியும்போது பற்சக்கரங்கள் சுழல்கின்றன. சக்கரங்கள் முட்களைச் செலுத்துகின்றன.

தடையின்றி விட்டால் வில் ஒரு நொடியில் விரிந்து தீர்ந்துவிடும். அதனைக் கட்டுப்படுத்துவது பேலன்ஸ் வீல் என்னும் சிறு சக்கரம். ஹேர் ஸ்பிரிங் என்னும் மெல்லிய சுருளின் உதவியால் அது வலமும் இடமுமாக ஆடுகிறது. இச்சுருளைக் கடிகாரத்தில் அமைத்து 1675இல் உலகிற்கு அறிவித்தவர் டச்சு விஞ்ஞானி ஹைகன்ஸ். ஒவ்வோர் ஆட்டத்திலும் நங்கூர வடிவிலான சிறு துண்டு ஒன்று பற்சக்கரத்தைச் சற்றே விடுவித்து உடனே பிடித்துக்கொள்கிறது. நாம் கேட்கும் ‘டிக் டிக்’ ஓசை அதுவே. தறியில் நாடா அங்குமிங்கும் ஓட, ஊடை நூல் ஒவ்வோர் இழையாக ஏறித் துணி முழம் முழமாக வளர்வதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

நம் நாட்டு எச்.எம்.டி. ஜனதா கடிகாரத்தில் இச்சக்கரம் மணிக்கு 18,000 முறை, அதாவது நொடிக்கு 5 முறை துடிக்கிறது. ஒரு நாளைக்கு 86,400 நொடிகள். ஆகவே நாளொன்றுக்கு 4,32,000 துடிப்புகள்! இக்கடிகாரம் ஒரு நாளில் 30 நொடி பிந்தினால் நாம் குறை கூறுகிறோம். கணக்கிட்டுப் பாருங்கள்: அது நூற்றுக்கு 99.96 மதிப்பெண்ணுக்கும் மேல். நம்மில் எத்தனை பேர் கணிதத்தில் அவ்வளவு வாங்குகிறோம்?

டயலில் ‘17 ஜுவல்’ என்று எழுதியிருப்பதைக் கண்டு உள்ளே விலையுயர்ந்த இரத்தினங்கள் இருப்பதாகச் சிலர் நம்புகின்றனர். உள்ளே இருப்பவை செயற்கை மாணிக்கக் கற்கள். விற்றால் விலை போகா. சக்கரங்களின் அச்சு உலோகத்தில் உரசித் தேயாதிருக்க, வழவழப்பும் உறுதியும் உள்ள கல்லில் துளையிட்டு அதில் அச்சைப் பொருத்துகின்றனர். இம்முறைக்கு 1704இல் லண்டனில் உரிமம் வழங்கப்பட்டது.

நாடு செய்த கடிகாரம்

விடுதலைக்கு முன்னும் அதற்குப் பின் சில ஆண்டுகளும் ஃபேவர் லூபா, வெஸ்ட் எண்ட் போன்ற வெளிநாட்டுக் கடிகாரங்களே இங்கு விற்பனையாயின. அவற்றை வாங்கும் வசதி சிலருக்கே இருந்தது. இந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் என்னும் எச்.எம்.டி., இயந்திரங்கள் செய்யும் அரசு நிறுவனமாக 1953இல் பெங்களூரில் தொடங்கப் பெற்றது. அது ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியுடன் 1961இல் கைக்கடிகாரங்களைச் செய்து அளித்தது. முதல் கடிகாரங்களை வெளியிட்டவர் பிரதமர் நேரு. பின்னர் ஸ்ரீநகர், தும்கூர், ராணிபாக் ஆகிய ஊர்களிலும் தொழிற்சாலைகள் எழுந்தன. நுண்ணிய உறுப்புகளைப் பொருத்தும் பணியில் பெண்கள் பெருமளவில் ஈடுபட்டனர்.

அக்கடிகாரங்களின் பெயர்களே ஒரு பாடம். எளியோர்க்கு ஜனதா, பெண்களுக்குச் சுஜாதா, கறுப்பு டயலுடன் பைலட், மெலிந்த வடிவில் சோனா, கை அசைவினாலேயே தானாகச் சாவி ஏறும் காஞ்சன். பார்வையற்றோர்க்கென ஒரு கடிகாரமும் செய்தனர். அதன் கண்ணாடி மூடியைத் திறந்து, புடைத்த புள்ளிகளையும் முட்களையும் விரலால் தொட்டு மணி அறியலாம். தேர்வில் தேறிய மகனுக்கும், வேலையில் சேர்ந்த மகளுக்கும், மாப்பிள்ளைக்கும் எச்.எம்.டி. வாங்கித் தருவது பல குடும்பங்களில் வழக்கமாயிற்று.

இதற்கிடையே 1969ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று ஜப்பானின் செய்க்கோ நிறுவனம் உலகின் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. குவார்ட்ஸ் என்பது மின்சாரம் பாய்ந்தால் சீராக அதிரும் படிகம். இன்றைய குவார்ட்ஸ் கடிகாரத்தில் அது நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அவ்வெண்ணை 15 முறை இரண்டால் வகுத்தால் 1 வரும். அதுவே ஒரு நொடி! துல்லியமும் மலிவும் ஒருங்கே கிடைக்கவே, சாவி கொடுக்கும் கடிகாரங்கள் பின்தங்கின. நம் தமிழ்நாட்டில், டாடா குழுமமும் மாநில அரசின் டிட்கோ நிறுவனமும் 1984இல் கூட்டாகத் தொடங்கிய டைட்டன், ஓசூரில் குவார்ட்ஸ் கடிகாரங்களைச் செய்து நாடெங்கும் பரப்பியது. எச்.எம்.டி. கடிகாரப் பிரிவு நட்டத்தில் வீழ்ந்தது. அதனை மூட மத்திய அரசு 2016 சனவரியில் முடிவு செய்தது.

ஆகவே நம் வீட்டில் உறங்கும் ஜனதாவைக் காப்பது நம் கடமை. அதன் உறுப்பு உடைந்தால் இன்னொரு பழைய கடிகாரத்திலிருந்துதான் பெரும்பாலும் எடுக்க வேண்டும். குப்பையில் எறியப்படும் ஒவ்வொரு கடிகாரமும், பிழைத்திருக்கக் கூடிய மற்றொன்றின் உயிரையும் கொண்டு போகிறது.

வாங்குவோர்க்கு எச்சரிக்கை

பழங்கடிகாரங்களுக்கு இப்போது மதிப்புக் கூடியுள்ளது. மதிப்புள்ள இடத்தில் போலியும் புகும். பழைய டயலைச் சுரண்டிவிட்டுப் பகட்டான வண்ணம் பூசி, புதிது போல் விற்போர் உளர். அடையாளம் காண்பது கடினமன்று.

1. உறை தேய்ந்தும் டயல் மட்டும் பளபளப்பாக இருப்பின் ஐயுறுக.

2. பூதக்கண்ணாடியால் எழுத்துகளைப் பார்க்க. தொழிற்சாலை எழுத்து கூர்மையாக இருக்கும். பின்னர் பூசியது தடித்தும் கலங்கியும் காணப்படும்.

3. நிமிடக் கோடுகள் சரியிடத்தில் உள்ளனவா என எண்ணிப் பார்க்க.

4. டயலில் ‘ஆட்டோமேட்டிக்’ என்றிருந்து, உள்ளே சுழலும் எடைத்தகடு இல்லையேல் அது பொய்க் கடிகாரம்.

இதே காரணத்தால், வீட்டுக் கடிகாரத்தின் டயல் மங்கியிருந்தாலும் மறுவண்ணம் பூசக் கொடுக்காதீர்கள். தாத்தாவின் கையில் ஐம்பதாண்டு இருந்து பெற்ற மங்கல் அது. அழித்தால் திரும்ப வாராது.

ஒளிரும் எண்களின் கண்ணீர்க் கதை

இருளில் ஒளிரும் எண்களுடைய மிகப் பழைய வெளிநாட்டுக் கடிகாரம் கிடைத்தால் தனிக் கவனம் வேண்டும். ஒரு காலத்தில் ரேடியம் கலந்த பூச்சினால் அவ்வெண்களை எழுதினர். அமெரிக்காவின் ஆரஞ்ச் நகரில் 1917 முதல் இளம் பெண்கள் அவ்வேலையைச் செய்தனர். தூரிகையின் முனையை உதட்டில் வைத்துக் கூராக்கும்படி அவர்களுக்குக் கற்பித்திருந்தனர். ரேடியம் எலும்பில் தங்கி, பலருக்குத் தாடை அழுகியது. பலர் இளமையிலேயே மாண்டனர். நோயுற்ற ஐந்து பெண்கள் துணிந்து வழக்குத் தொடுத்து 1928இல் இழப்பீடு பெற்றனர். தொழிலாளரின் உடல்நலப் பாதுகாப்பு வரலாற்றில் அவ்வழக்கு ஒரு மைல்கல்.

ரேடியத்தின் கதிர்வீச்சு பாதியாகக் குறையவே ஏறத்தாழ 1,600 ஆண்டுகள் ஆகும். ஒளி மங்கினாலும் நஞ்சு மங்கவில்லை. அத்தகைய கடிகாரத்தை வீட்டில் திறக்கவோ சுரண்டவோ கூடாது.

கட்டுவதும் காப்பதும்

வீட்டில் கிடைத்த கடிகாரம் நெடுநாள் ஓடாதிருந்தால், ஆர்வத்தால் உடனே திருகிவிடாதீர்கள். முதலில் தேர்ந்த பழுதுபார்ப்பவரிடம் காட்டிச் சுத்தம் செய்து எண்ணெயிடச் செய்க. பின்னர் இவற்றைக் கைக்கொள்க.

சாவி கொடுப்பது நாள்தோறும் ஒரே வேளையில், பள்ளிக்குப் புறப்படுமுன் அமைதல் நன்று. கையிலிருந்து கழற்றி, மெல்லத் திருகுக. இறுக்கம் தட்டியதும் நிறுத்துக. தேதி காட்டும் கடிகாரமாயின் இரவு 9 மணிக்கும் விடியல் 3 மணிக்கும் இடையே தேதியை மாற்றாதீர்கள். அவ்வேளையில் அதன் பற்கள் பிணைந்திருக்கும்.

தண்ணீரும் வியர்வையும் பகை. குழாயடியில் கழற்றி வைக்க. நம் ஊர் வெயிலில் தோல் பட்டை விரைவில் நைந்துபோகும். நைலான் பட்டையோ எஃகுச் செயினோ ஏற்றது. மாலையில் மெல்லிய துணியால் துடைத்து வைக்க.

காந்தமும் பகை. ஒலிபெருக்கியின் மேலோ, காந்தப் பூட்டுடைய பையிலோ வைத்தால் ஹேர் ஸ்பிரிங்கின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கடிகாரம் திடீரென வேகமாக ஓடும். கெட்டுப்போயிற்று என்று அஞ்ச வேண்டாம். பழுதுபார்ப்பவர் காந்தத்தைச் சில நிமிடங்களில் நீக்கிவிடுவார்.

ஐந்தாண்டுக்கு ஒரு முறையேனும் பிரித்துச் சுத்தம் செய்ய வேண்டும். இங்கேதான் பெரிய கவலை உள்ளது. ஒற்றைக் கண்ணில் பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு, கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னே குனிந்திருக்கும் பெரியவர்கள் அருகி வருகின்றனர். செல் மாற்றுவோர் பலர். பேலன்ஸ் வீலைத் தொடத் தெரிந்தவர் சிலரே. வேலை வந்தால்தான் அவர்கள் கடை திறந்திருக்கும். கடை திறந்திருந்தால்தான் அடுத்தவர் கற்பார். நாம் ஒரு கடிகாரத்தைப் பழுதுபார்க்கக் கொடுக்கும்போது ஒரு கைத்தொழிலுக்கும் சாவி கொடுக்கிறோம். நடுங்காத விரலும் பொறுமையும் வேண்டிய இத்தொழில் பெண்களுக்கு ஏற்றதன்றோ? பெற்றோர் இதனைச் சிந்திப்பார்களாக.

முடிவுரை

சேகரிப்பது நல்ல பழக்கம். ஆனால் நூறு கடிகாரங்களை வாங்கிப் பெட்டியில் அடுக்குவது சேகரிப்பன்று; அது வெறும் குவிப்பு. ஒன்றே ஒன்றைச் சீர்செய்து, அதன் கதையைப் பாட்டியிடம் கேட்டு, எந்த ஆண்டு யார் வாங்கியது என்று ஒரு தாளில் எழுதி வைத்து, கையில் கட்டி நடக்கும் மாணவியே உண்மையான சேகரிப்பாளர். பொதுத் தேர்வுக் கூடத்தில் கைபேசிக்கு இடமில்லை. தாத்தாவின் ஜனதா அங்கேயும் நேரம் காட்டும்.

ஆகவே இந்த விடுமுறையில் பெரியவர்களின் அனுமதியுடன் பீரோவின் மூலையைத் தேடுவோம். இந்நாட்டுத் தொழிலாளர்கள் செய்து தந்ததை, நம் முன்னோர் உழைத்து வாங்கியதை, நாமும் கட்டுவோம், கட்டிக் காப்போம்.