வயிற்று வலிக்கு மனநோய் மருந்தா?

முன்னுரை

கெடில நதியின் கரையில், பண்ணுருட்டியை ஒட்டி அமைந்தது எங்கள் ஊராகிய திருவதிகை. வயிற்று வலியால் வரலாற்றில் இடம்பெற்ற ஊர் இது என்றால் நண்பர்கள் நகைக்கக்கூடும்; எனினும் அஃது உண்மை. கி.பி. 7-ஆம் நூற்றாண்டில் மருள்நீக்கியார் சமணம் தழுவி, தருமசேனர் என்னும் பெயரோடு வாழ்ந்த காலத்தில் கொடிய சூலை நோய் அவரைப் பற்றியது. உடனிருந்தோர் செய்த சிகிச்சைகள் பயன் தராமற் போகவே, திருவதிகையில் இருந்த தமக்கையார் திலகவதியாரை நாடி இரவோடு இரவாக வந்தார். வீரட்டானத்து இறைவனைப் பாடி நோய் நீங்கினார், திருநாவுக்கரசர் ஆனார். இவ்வரலாற்றை 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் விரித்துரைத்தார்.

அந்தச் சூலைக்கு இன்றைய நோய்ப்பெயர் ஒன்றைச் சூட்டுவது என் நோக்கம் அன்று. வலியோடு வந்த தம்பியைத் தமக்கையார் ஐயுறாமல் ஏற்றுக்கொண்டார் என்பதே நான் குறிக்க விரும்புவது. வயிற்று வலிக்காரர் எல்லோருக்கும் அப்பேறு வாய்ப்பதில்லை. "ஸ்கேனில் ஒன்றுமில்லை, ரத்தத்திலும் ஒன்றுமில்லை; அப்படியானால் உனக்கு என்னதான் வலி?" என்ற கேள்வியே அவர்களை எதிர்கொள்கிறது. இரண்டாண்டுகளாக அக்கேள்வியைக் கேட்டு வருபவன் என்ற முறையிலும், விலங்கியல் மாணவன் என்ற முறையிலும் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

நோயின் இயல்பு

மருத்துவர்கள் இதனை இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம் என்பர், சுருக்கமாக ஐ.பி.எஸ். தமிழில் குடல் எரிச்சல் நோய் என வழங்குகிறோம். குடலில் புண்ணோ கட்டியோ இராது. ஆயினும் வயிறு முறுக்கி வலிக்கும். சிலருக்குப் பேதி, சிலருக்கு மலச்சிக்கல், சிலருக்கு இரண்டும் மாறி மாறி வரும். 2016-இல் வெளியான நான்காம் ரோம் விதிகளின்படி, கடந்த மூன்று மாதங்களாக வாரத்திற்குச் சராசரியாக ஒரு நாளேனும் வலி இருக்க வேண்டும். அவ்வலி மலம் கழிப்பதோடும், மலம் போகும் தடவைகளிலோ தன்மையிலோ ஏற்படும் மாற்றத்தோடும் தொடர்புடையதாக இருக்க வேண்டும்.

2008-இல் வெளியான இந்திய ஆய்வு ஒன்று, நம் நாட்டு மக்களில் ஏறக்குறைய 100-க்கு 4 பேருக்கு இந்நோய் இருப்பதாகக் கண்டது. அந்தக் கணக்கில் ஐம்பது பேர் கொண்ட ஒரு வகுப்பில் இருவர் இருக்கலாம். நெய்வேலியிலிருந்து காலைப் பேருந்தில் வரும் மாணவர் ஒருவர் இட்டிலியைத் தொடாமலே புறப்படுவதற்கும், தேர்வு மண்டபத்தில் வாயிலோர இருக்கையைத் தேடுவதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம்.

குடலுக்கும் நரம்பு உண்டு

உணவுக்குழாய் முதல் ஆசனவாய் வரை, குடற்சுவரின் அடுக்குகளுக்கிடையே நரம்பு வலைகள் பரவியுள்ளன. அவற்றில் 10 கோடிக்கும் மேற்பட்ட நரம்பணுக்கள் உள்ளன. 1921-இல் லாங்லி என்னும் ஆங்கில உடலியல் அறிஞர் தம் நூலில் இதனைத் தனி நரம்பு மண்டலமாகவே வகுத்துக் காட்டினார். நம் உடலிலுள்ள செரட்டோனின் என்னும் வேதிப்பொருளில் 90 விழுக்காட்டுக்கு மேல் உருவாவது குடலில்தான். மூளையையும் குடலையும் இணைக்கும் வேகஸ் நரம்பின் இழைகளில் பெரும்பாலானவை குடலின் செய்தியை மூளைக்குக் கொண்டு செல்பவை.

ஐ.பி.எஸ். உடையவரிடம் இந்தச் செய்திப் போக்குவரத்து மிகைப்பட்டு விடுகிறது. 1973-இல் ரிட்சி என்னும் ஆய்வாளர், பெருங்குடலின் இறுதிப் பகுதியில் சிறிய பலூனை வைத்துக் காற்றூதிச் சோதித்தார். 60 மில்லி அளவுக்கு ஊதியபோது நோயற்றவரில் 100-க்கு 6 பேரே வலி என்றனர். நோயாளிகளிலோ 55 பேர் வலி என்றனர். பலூன் ஒன்றே, காற்றும் ஒன்றே. உணர்த்திய நரம்புதான் வேறு. ஆகவே இவ்வலி கற்பனை என்பார் கூற்று பொருந்தாது.

மருந்து வந்த வழி

1957-இல் சுவிட்சர்லாந்தின் ரோலண்ட் குன் என்னும் மருத்துவர், இமிப்ரமின் என்னும் மருந்து மனச்சோர்வைத் தணிப்பதை வெளியிட்டார். மூவளைய மருந்துகள் எனப்படும் அக்குடும்பத்தில் அடுத்து வந்தது அமிட்ரிப்டிலின். 1961-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. நரம்பணுக்களுக்கிடையே சுரக்கும் செரட்டோனினும் நார் அட்ரினலினும் மீண்டும் உறிஞ்சப்படாமல் இது தடுக்கிறது. அதனால் மேலே செல்லும் வலிச் செய்தி தணிகிறது. இதனோடு குடலின் ஓட்டத்தையும் இது மெதுவாக்குகிறது. எனவே பேதி மிகுந்தவருக்கு ஏற்றதாகவும், மலச்சிக்கல் உடையவருக்கு அதனை மிகுவிப்பதாகவும் அமைகிறது.

இங்கே அளவு முதன்மையானது. மனச்சோர்வுக்கு நாளொன்றுக்கு 75 முதல் 150 மில்லிகிராம் வரை கொடுப்பது வழக்கம். குடலுக்கோ இரவில் 10 மில்லிகிராமில் தொடங்கி, தேவையாயின் 30 வரை உயர்த்துவர்.

இச்சிறிய அளவு உண்மையில் பயன் தருகிறதா? இங்கிலாந்தில் 55 பொது மருத்துவ நிலையங்களைச் சேர்ந்த 463 நோயாளிகளிடம் அட்லாண்டிஸ் என்னும் ஆய்வு நடந்தது. முடிவுகள் 2023-இல் லான்செட் இதழில் வெளிவந்தன. உணவு மாற்றம் முதலான முதல்நிலைச் சிகிச்சைகளால் குணம் காணாதவர்களே இதில் சேர்க்கப்பட்டனர். ஒரு சாராருக்கு அமிட்ரிப்டிலினும், மறு சாராருக்கு அதுபோலத் தோன்றும் வெறும் மாத்திரையும் தரப்பட்டன. ஆறு மாத முடிவில் மருந்து உண்டவரில் 61 விழுக்காட்டினர் நிவாரணம் கிடைத்தது என்றனர். மற்றவரில் 45 விழுக்காட்டினர் அவ்வாறு கூறினர். கவலை, மனச்சோர்வு ஆகியவற்றின் மதிப்பெண்களில் இரு சாராருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்பதை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். மனத்தை மாற்றாமலே இம்மருந்து வயிற்றுக்கு உதவியது என்பது அதன் பொருள்.

வீட்டில் நேர்ந்தது

எனக்கு இம்மாத்திரையை எழுதிக்கொடுத்த மறுநாளே மருந்துக் கடையில், "தம்பி, இது மனசுக்குக் கொடுக்கிற மாத்திரையாச்சே!" என்றார்கள். அச்செய்தி எனக்கு முன்னே வீட்டை அடைந்தது. "என் பிள்ளைக்குப் பைத்தியமா பிடிச்சிருக்கு?" என்று அம்மா அழுதார்கள், மாத்திரை அட்டையை அஞ்சறைப் பெட்டிக்குப் பின்னால் ஒளித்தும் வைத்தார்கள். அடுத்த முறை அம்மாவையும் உடன் அழைத்துச் சென்றேன். மருத்துவர் பொறுமையோடு, "மனச்சோர்வுக்கு என்றால் இந்த அளவு போதாதம்மா. இது குடல் நரம்புக்கு. மனச்சோர்வுக்கே கொடுத்தாலும் அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?" என்றார். அதன்பின் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மாத்திரையை எடுத்துத் தருபவரே அம்மாதான். மூன்றாம் வாரம் வரை பெரிய மாற்றம் தெரியவில்லை. இரண்டாம் மாதத்தில் காலையில் உண்டுவிட்டுப் பேருந்து ஏற முடிந்தது. வலி அறவே போகவில்லை, அடங்கியிருக்கிறது.

கவனிக்க வேண்டியவை

இம்மருந்து எல்லோருக்கும் ஆனதன்று. வாய் உலர்தலும் தூக்கக் கலக்கமும் வரலாம். இதய நோய், கண் அழுத்த நோய், சிறுநீர்த் தடை உடையோர் அவற்றை மருத்துவரிடம் முன்னரே கூறவேண்டும். 25 வயதுக்குட்பட்ட நம் போன்றோர் மனநிலையில் விபரீத மாறுதல் தோன்றினால் உடனே மருத்துவரை அணுகவேண்டும். மிகுதியாக உண்டால் உயிருக்கே ஆபத்து. ஆகவே குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவேண்டும். நண்பரின் மாத்திரையை வாங்கி உண்பதும், தாமாகத் திடீரென நிறுத்துவதும் கூடா.

மேலும், மலத்தில் இரத்தம், எடை குறைதல், காய்ச்சல், இரத்தசோகை, உறக்கத்தைக் கலைக்கும் பேதி ஆகியவை ஐ.பி.எஸ்.-இன் அடையாளங்கள் அல்ல. குடல் காசநோய் நம் நாட்டில் இன்றும் உண்டு. இவ்வறிகுறிகள் இருப்பின் சோதனைகளைத் தள்ளிப்போடலாகாது.

முடிவுரை

மருத்துவத்தின் கூறுகளை நான்காக வகுத்தார் வள்ளுவப் பெருந்தகை: நோயுற்றவர், மருத்துவர், மருந்து, உடனிருந்து துணைபுரிபவர். முதல் மூன்றும் அமைந்தும் நான்காவது இல்லாமையால் பாதியில் நின்றுபோகும் சிகிச்சைகள் பல. இந்த நான்காவது இடம் நம்முடையது. வகுப்பின் நடுவே எழுந்து செல்லும் மாணவரைக் காரணம் கேளாமல் அனுமதிக்கும் ஆசிரியரும், விடுதி அறையில் மாத்திரை அட்டையைக் கண்டு கேலி பேசாத நண்பரும் அவ்விடத்தை நிரப்புகிறார்கள். அதற்குச் செலவு ஒன்றுமில்லை. வலிக்கிறது என்பவரை நம்பினால் போதும்.