மாற்றார் கருத்தும் உபாசகர் கடமையும்

புத்தம், தம்மம், சங்கம் என்னும் மும்மணிகளைச் சரணடைந்ததனால் நாம் உலகத்தினின்றும் விலகிவிட்டோம் அல்லோம். நாம் வாழும் தெருக்களிலே பல கட்சிகளின் கொடிகள் பறக்கின்றன. ஒரே பாயில் அமர்ந்து பஞ்சசீலம் ஏற்கும் நம்மவருள் ஒருவர் பொதுவுடைமையர், ஒருவர் காங்கிரஸ்காரர், ஒருவர் திராவிட இயக்கத்தவர், மற்றொருவர் ரிபப்ளிகன் கட்சியினர். மாற்று முகாமைச் சார்ந்த ஓர் ஆசிரியருடைய நூலை நம் வாசகசாலையில் வைக்கலாமா, அவரையே அழைத்து வினவலாமா என்னும் பேச்சு எழும்போது சங்கம் இரண்டுபடுகின்றது. அந்நூலைத் தொடுவதே தீட்டு என்பது போல் ஒரு சாரார் வெகுளுகின்றனர். தீட்டு என்னும் ஒரு சொல்லால் தலைமுறை தலைமுறையாகத் துன்புற்ற நாம், அதே சொல்லை நூல்களின்மீது ஏவுதல் தகுமோ? இது குறித்துப் பகவானுடைய தம்மம் கூறுவதை இப்பாடத்தில் ஆராய்வோம்.

1. சீஹ சேனாபதி

வைசாலி நகரத்து லிச்சவியருள் சீஹர் என்னும் சேனாபதி ஒருவர் இருந்தார். அவர் நிகண்டர்களின் சீடர். ஒருநாள் சபா மண்டபத்தில் லிச்சவியர் பலர் புத்தரையும் தம்மத்தையும் சங்கத்தையும் புகழக் கேட்டு, பகவானைக் காண விரும்பினார். அவருடைய ஆசிரியராகிய நிகண்ட நாதபுத்தரோ, கிரியாவாதியாகிய நீர் அகிரியாவாதியாகிய கோதமரை ஏன் காணவேண்டும் என்று தடுத்தார். இரு முறை அடங்கிய சீஹர், மூன்றாம் முறை விடை பெறாமலே புறப்பட்டார்.

அவர் சென்று செய்தது யாது? தாம் கேள்வியுற்ற பழியைப் பகவானிடமே நேரில் எடுத்துரைத்து, தங்களை அகிரியாவாதி என்போர் உள்ளதை உரைக்கின்றனரா, பொய் புனைகின்றனரா என வினவினார். பகவான் சினந்தாரில்லை, சொல்லைப் பகுத்து விடையளித்தார். உடலாலும் வாக்காலும் மனத்தாலும் தீமை செய்யாமையைப் போதிப்பதனால் தம்மை அகிரியாவாதி எனலாம். நன்மை செய்தலைப் போதிப்பதனால் கிரியாவாதி எனலும் பொருந்தும். ராகம், துவேஷம், மோகம் ஆகியவற்றின் அழிவைப் போதிப்பதனால் உச்சேதவாதி என்பதும் ஒருவகையில் உண்மையே என்றார். வசைச் சொல்லையும் எடுத்து, அதன் எந்தப் பொருள் பொருந்தும், எது பொருந்தாது என்று பிரித்துக் காட்டும் இம்முறையே ‘விபஜ்ஜவாதம்’ எனப்படுவது.

உள்ளம் நெகிழ்ந்த சீஹர் உபாசகராக விரும்பியபோது, பகவான் இரண்டு அறிவுரைகள் கூறினார். உம்மைப் போன்று பலரறிந்த மனிதர் நன்கு ஆராய்ந்தே முடிவு செய்தல் வேண்டும் என்பது முதலாவது. உமது இல்லம் நெடுங்காலம் நிகண்டர்களுக்கு நீர்த்துறை போன்று இருந்தது. அவர்கள் வரின் இனியும் அன்னம் இடுதல் வேண்டும் என்பது இரண்டாவது. பிற ஆசிரியராயின் சேனாபதி தம் சீடரானார் என்று நகரெங்கும் கொடி பிடித்திருப்பர் என வியந்த சீஹர், முன்னிலும் மிகுந்த பக்தி கொண்டார். கருத்து மாறலாம், அக்காரணம் பற்றி மனிதருக்கு இடும் சோறு நிற்றல் கூடாது என்பதே ஈண்டு நாம் கொள்ளவேண்டிய பொருளாகும்.

2. சினம் அறிவை மறைக்கும்

பிரம்மஜால சூத்திரத்தின் தோற்றுவாயும் இதனை வலியுறுத்தும். ராஜகிருகத்திற்கும் நாலந்தைக்கும் இடைப்பட்ட வழியில் சுப்பியர் என்னும் பரிவிராஜகர் மும்மணிகளை இகழ்ந்தும், அவர் மாணவர் பிரம்மதத்தர் புகழ்ந்தும் சென்றனர். இதுபற்றிப் பேசிய பிக்குகளுக்குப் பகவான் கூறியது: பிறர் இகழும்போது சினங்கொண்டால், அவர் சொல் சரியா தவறா என்று உங்களால் அறிய இயலுமோ? தவறாயின் தவறென்று காரணத்துடன் விளக்குக; புகழும்போதும் மகிழ்ந்து துள்ளாதீர், மெய்யாயின் மெய்யென்று மட்டும் ஒப்புக என்பதாம். சினம் பாவம் என்பது மட்டுமன்று. சினம் உண்மையைக் காணும் கண்ணையே மறைக்கின்றது. நம் தலைவரைப் புகழும் நூலையும் இதே அளவுகோலால் அளத்தல் வேண்டும் என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகின்றோம்.

3. பாபாசாகேப் காட்டிய வழி

1936ஆம் ஆண்டில் லாகூர் ஜாத்-பாத்-தோடக் மண்டலத்தார் டாக்டர் அம்பேத்கார் அவர்களைத் தலைமையுரை நிகழ்த்த அழைத்தனர். எழுதப்பட்ட உரையைக் கண்டு அஞ்சிச் சில பகுதிகளை மாற்றக் கோரினர். அவர் ஓர் எழுத்தையும் மாற்ற இசையவில்லை, மாநாடு கைவிடப்பட்டது. அவர் உரையைத் தாமே நூலாக வெளியிட்டார். காந்தியார் தம் ‘ஹரிஜன்’ இதழில் அதனை மறுத்து எழுதினார். ஆயினும் சீர்திருத்தக்காரர் எவரும் அவ்வுரையைப் புறக்கணிக்க இயலாது என்றும் ஒப்புக்கொண்டார்.

1937இல் இரண்டாம் பதிப்பு வெளிவந்தபோது, பாபாசாகேப் காந்தியாரின் மறுப்பைத் தம் நூலிலேயே சேர்த்து அச்சிட்டு, அதன்கீழ்த் தம் விடையையும் வைத்தார். எதிரியின் வாதத்தை மறைத்தவர் அல்லர். வாசகன் இரண்டையும் தன் கண்ணால் படித்துத் தீர்ப்பிடுக என்று விட்டவர். அவ்விடையில் கடுமை குறைந்ததோ? சிறிதும் இல்லை. மாற்றானுக்கு இடமளித்தல் வேறு. மாற்றானுக்கு வளைதல் வேறு.

1956 அக்டோபர் 14இல் நாகபுரியில் தீக்ஷை பெற்ற அப்பெருமான், நவம்பர் 20இல் காத்மாண்டுவில் நடந்த உலக பௌத்தர் மாநாட்டில் புத்தரையும் மார்க்ஸையும் ஒப்பிட்டுப் பேசினார். வறியோர் துயர் நீங்கவேண்டும் என்னும் நோக்கத்தை மதித்தார். வன்முறையும் சர்வாதிகாரமுமாகிய வழியை மறுத்தார். இப்பொருள் பற்றிய தம் கட்டுரையிலும், மார்க்ஸின் கொள்கைகளுள் காலத்தால் கழிந்தவை எவை, எஞ்சி நிற்பவை எவை என்று நிரல்படுத்தி, எஞ்சியவற்றைப் புத்தர் போதனையோடு பொருத்திப் பார்த்தார். இதுவே பகுத்தாராய்தல்.

4. ஓர் ஐயமும் விடையும்

நம்மை மனிதராகவே மதியாத நூலையும் கற்க வேண்டுமோ என்று சிலர் வினவுவர். நியாயமான வினாவே. 1927 டிசம்பர் 25இல் மகாத்தில் மனுஸ்மிருதி எரிக்கப்பட்டது. அதற்குப் பின்னரும் பாபாசாகேப் அந்நூலை நுணுகிக் கற்று, அதன் விதிகளை எடுத்துக்காட்டியே தம் வாதங்களை நிறுவினார். எரித்தது அந்நூலின் அதிகாரத்தை. கற்றது அதன் உண்மை நிலையை. ஆதலின் கற்றல் வணங்குதல் ஆகாது. அவமதிப்பைப் பொறுத்துக்கொண்டு மேடையில் அமர்தலும் நம் கடமை அன்று. இழிசொல் கூறுவோரை விட்டு எழுந்து செல்ல நமக்கு உரிமை உண்டு; அவர் கூறாததைக் கூறியதாகச் சொல்ல மட்டும் உரிமை இல்லை. நான்காம் சீலம் பகைவரைப் பற்றிய பேச்சுக்கும் உரியதே அன்றோ?

5. நாம் கைக்கொள்ளத் தக்கவை

முதலாவது, ஒருவரை மறுக்குமுன் அவர் எழுத்தை அவர் எழுதியவாறே படித்தல். பிறர் சொல்லக் கேட்டு மறுத்தல் நாதபுத்தரின் தடையில் நின்றுவிட்ட சீஹரைப் போலாம். இரண்டாவது, அவர் வாதத்தை அவரே ஒப்புமாறு எடுத்துரைத்த பின்னரே விடை கூறுதல். மூன்றாவது, ஏற்கத்தக்கதை ஏற்று, தகாததைக் காரணத்துடன் விலக்குதல். நான்காவது, கருத்து வேறுபட்ட சகோதரனின் இல்லத்துச் சாவுக்கும் திருமணத்திற்கும் போகாமல் நிற்றலை ஒழித்தல்.

நம் சமூகம் சிறியது. கட்சிக்கொரு விஹாரை கட்டும் வலிமை நமக்கு இல்லை. ஒரு பாயில் அமர்ந்து வாதிடக் கற்றோமாயின், அப்பாய் கிழியாது நிற்கும்.

சிந்தனைக்குரிய வினாக்கள்: (1) சீஹருக்குப் பகவான் கூறிய இரண்டு அறிவுரைகள் யாவை? (2) மாற்றாரின் மறுப்பைத் தம் நூலிலேயே அச்சிட்டதனால் பாபாசாகேப் இழந்தது யாது, பெற்றது யாது? (3) நாம் இதுவரை படியாமலே வெறுத்துவந்த ஆசிரியர் எவர்? அவருடைய நூல் ஒன்றை அடுத்த பௌர்ணமிக் கூட்டத்திற்குள் படித்து வருவோமாக.